முதலில் பறப்பவர்கள்

குகையின் உட்கூரையில் தொங்கும் வௌவால்களுக்கு வெதுவெதுப்பு. வாசலோரம் தொங்குபவற்றுக்குக் குளிர். அந்தி சாய்ந்ததும் வாசல் வௌவால்கள்தான் முதலில் பறக்கவேண்டும் என்பது வழக்கம். வெளியே காத்திருக்கும் ஆந்தை அவற்றில் ஒன்றைக் கவ்விப் பசியாறிய பிறகே உள்ளிருப்பவை நிதானமாகப் புறப்படும்.

நேற்று கூர்க்காதி என்ற வாசல் வௌவாலின் தங்கையை ஆந்தை கொண்டுபோனது. இன்று கூர்க்காதி பாறையைப் பற்றிய நகத்தைத் தளர்த்தவில்லை. வாசல் வரிசை முழுவதும் அவளோடு அப்படியே தொங்கியது.

"என்னம்மா, இருட்டிவிட்டதே! முதலில் பறப்பது உங்கள் குலப் பெருமையல்லவா?" என்றார் உட்கூரைத் தலைவர் தடிச்சிறகர்.

"அந்தப் பெருமையை இன்றைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஐயா!"

பசி உட்கூரைக்கும் எட்டியது. குட்டிகள் கீச்சிட்டன.

"சரி, பிறகு எப்படித்தான் போவது?" என்றார் தலைவர்.

"எல்லோரும் ஒன்றாக! ஒரே வீச்சில்!" என்று கத்தினாள் கூர்க்காதி.

குகையே பெயர்ந்ததுபோல் அத்தனை சிறகுகளும் வெடித்துக் கிளம்பின! எதைப் பிடிப்பதென்று தெரியாமல் ஆந்தை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒருவரும் குறையவில்லை!

காட்டில் பூச்சியை மென்றபடி தடிச்சிறகர் எல்லோரிடமும் கேட்டார்: "எப்படி என் யோசனை?"

"அபாரம், ஐயா!" என்றாள் கூர்க்காதி. "நாளைக்கு நீங்களே வாசலில் தொங்கிக் குரல் கொடுங்கள்."

தடிச்சிறகருக்குப் பூச்சி தொண்டையில் சிக்கிக்கொண்டது.