சுவரில் ஏழு சாமி

அன்று லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டின் மாடி அறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி கலாவதி, அறையைக் காலி செய்யும் பிறேமினி, அறை பார்க்க வந்த டெனுசன், அவன் மனைவி மிதுஷா, அவள் தோளில் கைக்குழந்தை. ஆக ஐந்து பேர். சுவரில் ஏழு சாமிப் படங்கள்.

"போன வின்ரர் குளிருக்க பக்கத்து பாத்ரூம் பைப் ஒழுகினது. உடனே திருத்தியாச்சு. சுவருக்கு ரெண்டு தரம் பெயிண்டும் அடிச்சாச்சு," என்றாள் கலாவதி.

"சுவர் காய்ஞ்ச பிறகுதானே அடிச்சது, அன்ரி?" மிதுஷா கேட்டாள். "இப்ப இருக்கிற வீட்டில ஒரே பூஞ்சணம். பிள்ளைக்கு முட்டு, மூச்சு இழுக்குது. டொக்டர் வீட்டை மாத்தச் சொல்லிப்போட்டார்."

"இஞ்ச என்ன பூஞ்சணம்? சாமி அறை மாதிரி வைச்சிருக்கிறன், பாருமன்."

மிதுஷா பிறேமினியிடம் திரும்பினாள். "இருந்தனீங்கள்தானே அக்கா, அறை எப்பிடி?"

"வீட்டுக்காரரைக் கேளுங்கோ," என்றாள் பிறேமினி, உடுப்பை மடித்தபடி.

டெனுசன் மனைவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அவ அப்பிடித்தான்," என்றாள் கலாவதி. "எந்த நேரமும் குறை. ஆனா குறை சொல்லி வந்த ஒருநாளும் நான் வெறுங்கையோட அனுப்பினதில்லை. ஒரு சாமிப் படம் குடுப்பன். ஆணியும் நானே வந்து அடிச்சுவிடுவன்."

பிறேமினி பெட்டியை மூடவில்லை. "படங்களையும் கொண்டு போறன், அக்கா."

"எதுக்கு? வாறவைக்கு இருக்கட்டும்."

"எனக்கெண்டுதானே தந்தனீங்கள்."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஆரும் சாமியை இறக்குவினமே?"

"புது அறையில இண்டைக்கே மாட்டிடுவன்."

"லட்சுமியையாவது விட்டிட்டுப் போ. பச்சைப்பிள்ளை இருக்கப்போற அறை."

"லட்சுமியும் எனக்குத் தந்ததுதான்."

"அப்ப பல்பையும் கழட்டிக்கொண்டு போ."

"பல்பு உங்கட, அக்கா."

டெனுசனுக்குச் சலித்துவிட்டது. "விடுங்கோ அன்ரி, படத்துக்கும் சண்டையே? நாங்கள் வேற வாங்கி மாட்டுவம். எதை முதல் கழட்ட, அக்கா?"

"லட்சுமியை," என்றாள் பிறேமினி. "அதுக்குக் கீழதான் தொட்டில் போட இடம் இருக்கு."

டெனுசன் எட்டிப் படத்தை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

மிதுஷா சுவரைப் பார்த்தாள். குழந்தையின் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

டெனுசன் படத்தைப் பிறேமினியிடம் இரண்டு கையாலும் நீட்டினான். பிறகு அவனும் இறங்கிப் போனான்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"காலமை உனக்கு என்ன சொன்னனான்?" என்றாள் கலாவதி.

"சுவரைப் பற்றி வாய் திறந்தால், புது வீட்டுக்காரர் விசாரிக்கேக்க என்னைப் பற்றி நல்லதாச் சொல்லமாட்டன் எண்டனீங்கள். நான் வாய் திறக்கேல்லையே, அக்கா."

மற்ற ஆறு படங்களையும் பிறேமினியே இறக்கினாள். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனாள்.

அறையில் மிஞ்சியது கலாவதி ஒருத்தி, ஆணி ஏழு, ஒவ்வோர் ஆணிக்கும் கீழே படத்தின் அளவுக்குக் கறுத்திருந்த பூஞ்சணம், அதுவும் ஏழு.