சொன்ன நேரம்

மூன்று மணிக்கு மண்டபத்தில் ஒரு குருவிகூட இல்லை. அஜிதா சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும், கையிலிருந்த மடிப்புப் போனைத் திறந்து மூடுவதுமாக நின்றாள்.

“ஏன் பிள்ளை முழுசிறாய்? சனம் வரும்,” என்றான் அவளுடைய அண்ணன் அல்பேட், பலூன் ஊதியபடி. அவனுடைய மகனுக்கு இன்றைக்கு முதலாவது பிறந்தநாள். தாங்கள் இருக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், கத்தோலிக்கக் கோயிலின் கீழ் மண்டபத்தை எடுத்திருந்தான். “மூண்டு எண்டு சொன்னாத்தானே எங்கட சனம் அஞ்சுக்காவது வரும். சாப்பாடும் அஞ்சுக்குத்தான் சொல்லியிருக்கு.”

சனம் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. அஜிதாவுக்கு வரவேண்டியது ஒரேயொரு போன்.

அவளுடைய கணவன் றொக்சன் காஸ்பே மலையில் இருந்தான். பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு, ஆளரவமில்லாத மலையில் ஏறி இறங்கும் விசர் அவனுக்குப் போன வருடம் பிடித்தது. பனிச்சரிவில் அகப்பட்டால் என்ன செய்வது என்று ஒரு கிழமை வழிகாட்டியிடம் படித்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாக வழிகாட்டி இல்லாமல், கூட வேலைசெய்யும் பியேருடன் மேலே போயிருந்தான்.

நேற்று போனில் சொன்னான். “மலையில போன் வேலை செய்யாது. இறங்கின உடன எடுப்பன். நாளைக்கு மூண்டு மணிக்குள்ள என்ர கோல் வராட்டி, யோசிக்காமல் மீட்புக்காரருக்கு அடியும். வீட்டில ஒராளிட்ட நேரம் சொல்லிப்போட்டுத்தான் ஏறவேணும் எண்டு படிப்பிச்சவை.”

மூன்று மணியாகிவிட்டது. போன் சத்தமில்லை. காஸ்பேயில் இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது, சரிவு அபாயம் அதிகம் என்று காலையில் வானொலி சொல்லியிருந்தது.

“அண்ணை, நான் மீட்புக்காரருக்கு அடிக்கப்போறன்.”

அல்பேட் ஊதிய பலூனைக் கைவிட்டான். “உனக்கென்ன விசரே? அவன் எண்டைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தவன்? கலியாணத்தண்டைக்கே பாதரைக் காக்க வச்சவன்.”

“மூண்டு எண்டு சொன்னவர் அண்ணை.”

“நீ மட்டும் திறமோ? பிரசங்கம் முடியத்தானே பூசைக்கு வாறனீ. இண்டைக்கு மட்டும் என்ன நேரம் பாக்கிறாய்?”

அது உண்மைதான். அஜிதா நேரத்துக்குப் போன இடம் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு அவள் பிந்தவில்லை. அடித்துவிட்டாள். தான் வேலைசெய்யும் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு கதைத்துப் பழகிய பிரெஞ்சில், கணவனின் பெயரையும் அவன் ஏறுவதாகச் சொன்ன மலையின் பெயரையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள்.

நாலு மணிக்குப் பிறகு சனம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. அதற்குள் கதை பரவிவிட்டது. “சும்மா பிந்தினதுக்குப் போய் ஊரைக் கூட்டியிருக்கிறாள்,” என்று இரண்டு பேர் அவள் காதுபடவே சொன்னார்கள். அல்பேட் அவளைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“மலையில பனிவண்டியெல்லாம் வெளிக்கிட்டிருக்கும். அவன் எங்கையாவது கோப்பி குடிச்சுக்கொண்டிருப்பான். வெள்ளைக்காரர் எங்களைத்தான் சிரிப்பினம். திரும்ப எடுத்து, வேண்டாம் எண்டு சொல்லு.”

சொல்லிவிடலாமோ என்று அவளுக்கும் தோன்றியது. இலக்கத்தை அடித்தும் விட்டாள். அந்தப் பக்கம் மணி போகத் தொடங்கியதும் பயந்துபோய்ப் போனை மூடினாள்.

“அவர் கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தா, வந்து என்னைப் பேசட்டும். பேசுறதுக்கு ஆள் இருந்தாக் காணும்,” என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அல்பேட்டின் மனைவி சிசிலி வந்து அவளை அணைத்துக்கொண்டாள்.

கேக் வெட்டப்போகும் நேரத்தில் போன் அடித்தது. றொக்சனின் இலக்கம் அல்ல.

மீட்புக்குழுப் பெண் மூச்சு வாங்கப் பேசினாள். “இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் கணவர் பனிக்கு அடியில் புதைந்துபோனார். நெஞ்சில் கட்டியிருந்த கருவி சிக்னல் கொடுத்தபடியால், மூச்சு அடங்குவதற்குள் தோண்டி எடுத்துவிட்டோம். ஒரு கால் முறிந்திருக்கிறது, அவ்வளவுதான்.”

“ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்,” என்று அஜிதா மண்டபத்துக்கே கேட்கச் சொன்னாள். சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். அல்பேட் ஒருவரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்தான்.

“உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்,” என்றாள் அந்தப் பெண். “நாங்கள் அடிவாரத்துக்கு வந்தபோது அவர்கள் நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கண்முன்னால்தான் மலை சரிந்தது. நீங்களோ மூன்று மணிக்கே எடுத்துவிட்டீர்கள். இது நடக்கப்போவது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அஜிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதை அவள் தமிழில் சொன்னதும், “அந்தோனியார்தான் இவளைக்கொண்டு போன் எடுப்பிச்சிருக்கிறார்,” என்றாள் சிசிலி. கொஞ்சம் முன்பு முணுமுணுத்தவர்களும் ஓம் ஓம் என்றார்கள்.

அந்தப் பக்கம் போன் கைமாறியது.

“அஜி,” என்றான் றொக்சன். பல் கிடுகிடுக்கும் சத்தம் கேட்டது. “நீர் எத்தினை மணிக்கப்பா இவைக்கு எடுத்தனீர்?”

“நீங்கள் சொன்னமாதிரி மூண்டு மணிக்குத்தான். நல்லாத்தானே இருந்தனீங்கள், ஏன் அப்ப எனக்கு எடுக்கேல்ல? நான் இஞ்ச செத்துப்போனன்.”



“நாங்கள் இறங்கி முடிக்கிறதே அஞ்சு மணிக்கெண்டுதான் இருந்தது. நீர் எப்பிடியும் பிந்தித்தான் எடுப்பீர் எண்டு, மூண்டு எண்டு சொன்னனான்.”