எடைக்கு எடை

"அக்கா, மூணு கிலோவைக் காணோம்!"

கோழிப்பண்ணையில் தீவன மூட்டை நிறுக்கும் தராசின் மேல் நின்றபடியே மோகனப்பிரியா அழ ஆரம்பித்தாள். சிவப்பு எழுத்தில் 49 என்று மின்னியது. விடிந்தும் விடியாத நேரம். இன்னும் மூன்று மணி நேரத்தில் கோயிலில் துலாபாரம்.

"மெதுவாடி! கோழியெல்லாம் முழிச்சுக்கும்," என்றாள் பெரியப்பா மகள் அறிவுச்செல்வி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறவள். வேண்டுதலுக்கென்று முந்தின நாளே வந்துவிட்டாள். "எப்படிக் காணாமப் போகும்? என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஆறு நாளாச் சோறு திங்கலை. உப்பும் சேத்தலை. போன்ல பாத்து டயட்டு..."

"சித்தி தட்டு நெறையப் போட்டுச்சே! அதெல்லாம் எங்க போச்சு?"

"கோழிக்கு."

"டெங்குல இருந்து எந்திரிச்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. உனக்கெதுக்குடி டயட்டு?"

"ஹாஸ்டல்ல அத்தனை பேரும் பிராய்லர்னு கூப்படறாளுக. எங்கப்பா பண்ணை வெச்சிருந்தா நானும் பிராய்லரா?"

அறிவுச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற விஷயமில்லை. மகள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, "எம்புள்ளை எந்திரிச்சு வந்தா அவ எடைக்கு எடை வெல்லம் தாறேன்" என்று மாரியம்மனிடம் அம்மா பொன்னாயி வேண்டிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை இதே தராசில் மகளை நிறுத்திப் பார்த்துவிட்டு, மண்டிக்குப் போய்ச் சரியாக ஐம்பத்திரண்டு கிலோ வாங்கிவந்தாள். "ஆத்தா எம்புள்ளையை முழுசாத் திருப்பிக் குடுத்தாளான்னு அன்னைக்குத் தட்டே சொல்லிப்போடும்" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

"ஒரு கட்டி வெல்லம் மிஞ்சுனாலும் அம்மா ஒடஞ்சு போயிரும்க்கா. மூணு கிலோவை ஆத்தா புடிச்சு வெச்சுக்கிட்டான்னு அழுகும்."

வெளியே அப்பா தங்கசாமி இருமும் சத்தம் கேட்டது. மோகனப்பிரியா தராசிலிருந்து குதித்தாள். செருப்புச் சத்தம் வீட்டுப் பக்கம் நகர்ந்தது.

"சரி, மூக்கைத் தொடை. ஆறு நாள்ல மூணு கிலோ கொழுப்புக் கரைஞ்சிருமா? உன்ற கொழுப்பு அப்படியேதான் இருக்குது. சோத்தையும் உப்பையும் நிறுத்துனா ஒடம்புல நிக்கிற தண்ணிதான் மொதல்ல எறங்கும். போனது தண்ணி. திருப்பி ஊத்திப்போடலாம், வா."

"அப்ப நான் ஆறு நாள் பட்டினி கெடந்தது வெறும் தண்ணிக்கா?"

அழுகை இன்னொரு சுற்று வந்தது. ஆனாலும் சாப்பிட்டாள். உப்புப் போட்டு ரெண்டு வட்டில் பழைய சோறு. அதற்கு மேல் நீர்மோர், சொம்பு சொம்பாக. கிளம்பும் முன் யாருக்கும் தெரியாமல் தராசில் ஏறினாள். 52. அறிவுச்செல்வி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "போ, ஆத்தா கணக்குத் தீந்துச்சு."

வெல்ல மூட்டையை வேனில் ஏற்றும்போது அப்பா யாரையும் பக்கத்தில் விடவில்லை. "நானே தூக்கிக்கறனுங்க, வுடுங்க," என்று பங்காளிகளைத் தள்ளிவிட்டார்.

கோயிலில் மாலையோடு மோகனப்பிரியா ஒரு தட்டில் உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் பூசாரி வெல்லத்தை அடுக்கினார். அடுக்கிக்கொண்டே போனார். கடைசிக் கட்டியையும் வைத்துவிட்டு மூட்டையை உதறினார்.

"அவ்வளவுதானுங்க. பொண்ணு தட்டு இன்னும் கீழயே நிக்குது. மூணு கிலோ கொறையுமாட்ட இருக்குதுங்க."

"நானே நின்னு நிறுத்து வாங்குனனே!" என்று பதறிய பொன்னாயியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்படின்னா ஆத்தா கூடவே குடுத்திருக்கா! எம்புள்ளை தேறிட்டா! ஆறே நாள்ல மூணு கிலோ தேறிட்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். பொன்னாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா மட்டும் பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு மாலையைச் சரிசெய்கிற சாக்கில் மகளின் காதருகே குனிந்தார்.

"ஏஞ்சாமி, வெடியால நாப்பத்தொம்போதுதானே காட்டுச்சு? நாந்தான் பாத்தனே! ஷெட்டுல சோத்துப் பருக்கை கெடக்கறப்பவே நீ திங்கறதில்லைன்னு தெரியும். வெல்லம் மிஞ்சுனா உங்கம்மா தாங்கமாட்டாளேன்னு, மூணு கிலோவை எடுத்துத் தீவன மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுப்போட்டு வந்தேன்..."

மோகனப்பிரியா வாயைத் திறந்தாள். ஏப்பம்தான் வந்தது.

"தட்டுச் சமமாகற வரைக்கும் பொண்ணு எறங்கக் கூடாதுங்க," என்றார் பூசாரி.

"எருமப்பட்டிக் கடைக்குப் போயி வாங்கியாரேன். அரை மணி நேரம்!" அப்பா பைக்கை உதைத்தார்.

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தபோதுதான், குடித்த மோரெல்லாம் ஒரே நேரத்தில் வழி தேடத் தொடங்கியது. மோகனப்பிரியா சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். காலைப் பின்னிக்கொண்டாள். தட்டு லேசாக ஆடியது. முடியவில்லை. கண்ணால் அறிவுச்செல்வியைக் கூப்பிட்டாள்.

"அக்கா... நான் எறங்கி, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து ஒக்காந்தா... அப்பா எத்தனை கிலோ வாங்கியாரணும்?"