பேர் வரக்கூடாது

"மாதாவே, எம் பொண்ணு பேரு இன்னிக்கி யாரு வாயிலயும் வரக்கூடாது."

வியாகுலமேரி முணுமுணுத்தது பக்கத்து வீட்டு ஸ்ரீமதிக்குக் கேட்டுவிட்டது.

"என்னக்கா வேண்டுதல் இது? ஜெனிட்டா உலகக்கோப்பை ஃபைனல்ல எறங்குறா. அவ பேரு கடலூரு பூரா பரவ வேணாமா?"

வியாகுலமேரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளங்கை அளவு செல்போனில், ஜப்பானில் நடக்கும் பெண்கள் லாக்ராஸ். கம்பு நுனியில் கட்டிய வலையில் பந்தை ஏந்திக்கொண்டு பெண்கள் பறக்கிறார்கள். நடுவே ஜெனிட்டா, கால் தரையில் படாதவள் போல மிதக்கிறாள். சிதம்பரத்தில் காலேஜ் படிக்கும்போது அவளைப் பிடித்துக்கொண்ட ஆட்டம். பார்க்கப் பார்க்க, வீட்டுக்குள் ஃபேன் சத்தம்கூட எங்கோ போய்விட்டது.

"பந்து அவகிட்ட வரவே இல்லியேக்கா! ஒருத்தியும் தரமாட்டேங்குறாளே."

"வரவே வேணாம்."

"பெத்தவ பேசுற பேச்சா இது?" ஸ்ரீமதிக்குக் கோபமே வந்துவிட்டது.

கடைசி நிமிடம். விழுந்தது கோல்தானா இல்லையா என்று மைதானமே கூச்சலிட்டது. வியாகுலமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது கூச்சல் அடங்கி, ஒரு கூட்டம் குதித்தது, ஒரு கூட்டம் அழுதது. வர்ணனையில் யார் யார் பேரோ வந்தது. ஜெனிட்டா பேர் மட்டும் வரவில்லை.

இரண்டு கேப்டன்களும் வந்து ஜெனிட்டாவுக்குக் கை கொடுத்தார்கள். அவள் சிரித்தபடி கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள்.

வியாகுலமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அம்பயரு பேரை எப்ப சொல்லுவாங்க தெரியுமா ஸ்ரீமதி? தப்பு பண்ணாத்தான்."