மாற்றிய அரிசி

ரெங்கசாமி அண்ணன் சொன்னதை இத்தனை வருஷமாக நான் சந்தேகித்துக்கொண்டேதான் இருக்கிறேன். பொய் என்று தள்ளவும் முடியவில்லை.

அவர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே கூலிகளுக்கான வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார். தண்டவாள வேலை, ஒண்டிக்கட்டை. லயத்துக்கு எதிரே செங்கல் சூளை. சூளையில் மண் மிதிக்கும் சீனன் ஆ லாம் அவருக்குக் கூட்டாளி. நான் அப்போது ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா.

ஒரு நாள் சாயங்காலம், ரயில்வே ஸ்டோரில் வாங்கிய தன் பங்குப் புழுங்கலரிசியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஆ லாம் முன்னால் வைத்தார்.

“துக்கார் லா, ஆ லாம்! மாத்திக்குவோம். இது உனக்கு, உன்னோடது எனக்கு.”

ஆ லாமுக்குச் சூளை முதலாளி கொடுப்பது சயாம் அரிசி. மில்லில் தீட்டித் தீட்டி மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். நம்முடையது பழுப்பு. அவித்த வாடை வேறு.

ஆ லாம் மூக்கைப் பொத்திக்கொண்டான். “பூசோக்!”

“நாறினா நாறட்டுமே. எனக்கு வெள்ளைச் சோத்து மேல ஆசை வந்துடுச்சு. கூட்டாளிக்காக இதுகூடச் செய்யமாட்டியா?”

அவன் சிரித்தபடி தன் அரிசிப் பையை இவர் பக்கம் தள்ளிவிட்டான். உட்கார்ந்தபடியேதான் தள்ளினான். எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு காலும் வீங்கிக் கிடந்தன.

அந்த மழைக்காலத்தில் சூளைக் கொட்டகையில் பலருக்கும் அந்த நோய்தான். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும். பிறகு நெஞ்சை அடைக்கும். கொட்டகையிலிருந்து பிணம் போய்க்கொண்டே இருந்தது. மழை விட்டதும் ஆ லாம் ஊருக்குக் கப்பலேற வேண்டும். அதுவரை உயிரோடு இருப்பானா என்பதே சந்தேகம்.

லயத்தில் இராஜம்மா அக்கா பிடித்துக்கொண்டாள். “சாகக் கிடக்கிறவன்கிட்ட நல்ல அரிசியைப் பிடுங்கிட்டு வர்றியே, நீயெல்லாம் மனுஷனா?”

“அவனாத்தான்க்கா குடுத்தான்.”

“குடுப்பான், குடுப்பான். நீ பேசற பேச்சுக்குக் கோவணத்தைக்கூட அவுத்துக் குடுப்பான்!”

கங்காணி முத்துக்கருப்பன் கேட்டார். “அதை என்னடா பண்றே?”

“பாசார்ல வித்துட்டுக் கள்ளு குடிக்கிறேன், கங்காணி. விலை கூடுன அரிசியாச்சே!”

லயமே காறித் துப்பியது.

அதற்குப் பிறகு பங்கு அரிசி வரும்போதெல்லாம் இந்த மாற்று நடந்தது. கொஞ்ச நாளில் ரெங்கசாமி அண்ணனின் நடை தள்ளாடத் தொடங்கியது. சரளைக் கல்லில் இடறி விழுவார்.

“பாத்தியா, குடிச்ச கள்ளு காலுக்கு இறங்கிடுச்சு” என்றார்கள்.

மழை விட்டது. கிள்ளான் துறைக்குப் போகும் ரயிலுக்கு ஆ லாம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் காலாலேயே நடந்து வந்தான். வழியனுப்ப வந்த ரெங்கசாமி அண்ணன்தான் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“காலையிலேயே ஏத்திட்டான் போலிருக்கு!” என்று யாரோ சொல்ல, பிளாட்பாரமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

இன்று எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த நோய் எதனால் வந்தது என்று இப்போது பத்திரிகையில்கூடப் போடுகிறார்கள். மில்லில் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிற ஏதோ ஒரு சத்தாம். நெல்லை அவித்தால் அது அரிசிக்குள்ளேயே தங்கிவிடுமாம்.

ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்த அரிசிக்கு ஸ்டேஷனில் ரசீது எழுதியவன் நான். ‘எவ்வளவு வெள்ளை!’ என்று வியந்தவன். அந்த வெள்ளை அரிசி போய் இறங்கிய தேசங்களில் எல்லாம் இப்படிக் கால்கள் வீங்கியிருக்கின்றன. பூமியில் பாதிப்பேர் வெள்ளைச் சோற்றுக்கு ஆசைப்பட்டு, நகத்தால் கிள்ளினால் வந்துவிடுகிற ஒரு தோலைத் தூர எறிந்திருக்கிறார்கள். அதற்குள்ளா இருந்தது உயிர்?

போன வாரம் ரெங்கசாமி அண்ணனைக் காப்பிக் கடையில் பார்த்தேன். கையில் தடி.

“ஆ லாம் பொழைச்சது உங்க அரிசியாலதானே அண்ணே? உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சபாபதி சொன்னான் தம்பி. வெள்ளைச் சோறு தின்னுதான் வீங்குது, வந்தவங்களுக்கு நம்ம புழுங்கச் சோத்தைப் போடறோம்னு. அதை ஆ லாம்கிட்டச் சொன்னா தின்பானா? நோயாளிச் சோறுன்னு கொட்டிடுவான். அதான் ஆசையா இருக்குன்னு கெஞ்சினேன்.”

“அந்த வெள்ளை அரிசி?”

“அதான் சொன்னேனே. பாசாருக்குப் போச்சு, கள்ளா வந்துச்சு. அவனுக்கு உசிரு, எனக்குப் போதை!” கடகடவென்று சிரித்தார்.

எத்தனையோ நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கள் வாடை ஒரு நாளும் அடித்ததில்லை. என் சந்தேகமெல்லாம் அங்கேதான்.

தடியை ஊன்றிக் கிளம்பினார். ஒரு செருப்பு மேசைக்கடியிலேயே கிடந்தது. அது கழன்றதே தெரியாமல், கொதிக்கிற தெருவில் வெறுங்காலை வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். குனிந்து மாட்டிவிட்டேன். குச்சியாக மெலிந்திருந்த அந்தக் காலில் என் கை பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

நிமிராமலே கேட்டேன்.

“அண்ணே, உங்க பங்கு அரிசி முழுசும் அவனுக்குப் போயிடுச்சே. அந்த மழைக்காலம் பூரா நீங்க எந்தச் சோத்தைத் தின்னீங்க?”