இடது பக்கம்

“வலது பக்கம் சுத்தமா தேஞ்சு போச்சு. இடது பக்கமும் ரொம்ப நாள் தாங்காது. ரெண்டையும் ஒண்ணா மாத்திடறதுதான் நல்லது.”

வெள்ளைக் கோட்டுக்காரன் இப்படிச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவரின் முகம் வாடிவிட்டது. அறையில் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் கவலையோடு காத்திருந்தார்கள்.

“இடது பக்கம் எந்தத் தொந்தரவும் இல்லையே?”

“இப்போ இல்ல டாக்டர். நடு ரோட்டுல போறப்ப வந்தா என்ன பண்ணுவீங்க?”

ஆமாம், கவலையோடு கேட்டவர்தான் டாக்டர். எலும்பு டாக்டர். வெள்ளைக் கோட்டுக்காரன் அந்தச் சொகுசுக் கார் கம்பெனியின் சர்வீஸ் அட்வைசர். அத்தனை விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவன் கோட்டுப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். தேய்ந்து போனது முன்சக்கரத்து பேரிங்.

மெக்கானிக்குகள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘மாத்தணும்’. கட்டின பொண்டாட்டியைத் தவிர எதைக் காட்டினாலும் மாத்தணும் என்பான் என்று அவன் காதுபடவே கேலி செய்வார்கள்.

டாக்டர் எஸ்டிமேட்டைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “இதுக்கு நான் இன்னும் ரெண்டு முட்டியை மாத்தணும் போலிருக்கே, தம்பி!”

‘மாத்தணும்’ விழுந்து விழுந்து சிரித்தான். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “எனக்கு என்ன தெரியும், எலும்புன்னா சொல்லுவேன். வண்டி விஷயம் உங்களுக்குத் தெரியாததா? மாத்திடுங்க.”

அவன் சிரிப்பு அத்தோடு நின்றுபோனது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் வண்டியை மேலே தூக்கி, இடது சக்கரத்தைக் கையாலேயே சுழற்றிப் பார்த்திருந்தான். சின்னச் சத்தம்கூட இல்லை. இன்னும் பல வருஷம் ஓடும்.

குற்ற உணர்ச்சியை மறைக்க ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. முட்டி என்றதும் வாயில் அம்மா வந்துவிட்டாள். “எங்கம்மாவுக்கும் வலது முட்டியிலதான் வலி, டாக்டர். ராத்திரியெல்லாம் முனகறாங்க.”

“அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. நம்ம வண்டியைப் பாக்கறவர் நீங்க, உங்ககிட்ட ஃபீஸ் வாங்குவேனா?”

டாக்டர் அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் வெகுநேரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவுக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் செருகிப் பார்த்தார்.

“பயப்படாதீங்கம்மா. ரெண்டு முட்டியையும் ஒரே நாள்ல மாத்திடலாம். அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆயிடுங்க.”

அம்மா மகனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு காலையும் ஒரே நேரத்துல கட்டிப் போட்டுட்டா நான் எப்படிடா எழுந்திருப்பேன்? நீயும் உன் பொண்டாட்டியும் வேலைக்குப் போயிடுவீங்க. இத்தனை நாளா இந்த எடது கால்தானேடா என்னைத் தாங்குது!”

“சும்மா இரும்மா. டாக்டருக்குத் தெரியாததா?”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. காலையில் டாக்டர் அவனை நம்பிச் சொன்ன அதே வார்த்தை. பெற்றவளையே இந்த மனுஷன் கையில் ஒப்படைக்கிறோம், இவரிடம் போய் இப்படிப் புளுகிவிட்டோமே! செய்த பாவம் ஆபரேஷன் மேஜையில் அம்மா தலையில் விடிந்தால் என்ன செய்வது?

ரத்தம் எடுக்க நர்ஸ் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

“டாக்டர், உங்க வண்டியில இடது பேரிங்கை மாத்த வேண்டாம்.”

அவன் வாயிலிருந்து ‘மாத்த வேண்டாம்’ என்று வந்தது அதுதான் முதல் தடவை.

“ஏன், ஸ்டாக் இல்லையா?”

“இருக்கு டாக்டர். ஆனா உங்க பழசே நல்லாத்தான் இருக்கு. நான்தான் பொய் சொன்னேன். மாசக் கடைசி, டார்கெட்டு முடியல. மேனேஜர் கழுத்துல கத்தி வைக்காத குறை. வலது பக்கம் மட்டும் மாத்தினா போதும்.”

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவனே தொடர்ந்தான்.

“ஃபீஸ்கூட வேண்டாம்னு சொன்னீங்க. அப்படிப்பட்டவரையே ஏமாத்திட்டேன். மேலிடத்துல புகார் கொடுத்தாலும் கொடுங்க, வேலை போனாலும் பரவாயில்ல. அம்மா ஆபரேஷனை மட்டும் நல்லபடியா முடிச்சுக் கொடுங்க. அவங்க ஒரு பாவமும் பண்ணல.”

டாக்டரின் முகம் சிவந்தது. திட்டப் போகிறார் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். எக்ஸ்ரேவின் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி விளக்குப் பெட்டியை அணைத்தார்.

“உங்கம்மாவுக்கும் வலது மட்டும் போதும், தம்பி.”