தலை எது, வால் எது

அநியாயம் நடந்தது அக்காவுக்கு. கார் அவளுடையது, கேள்வியும் அவளுடையது. கடைக்காரரின் பார்வை மட்டும் தம்பி பக்கம் போனது.

தம்பி ஸ்டெப்னி மாதிரி சும்மா கூட வந்தவன். காரில் அவனுக்குத் தெரிந்த ஒரே பாகம் ஏசி.

அக்கா அப்படியில்லை. பல்கலைக்கழக விவாதப் போட்டி எதையும் விட்டுவைக்காதவள். தூக்கத்தில் கூட எதிர்க்கட்சி. போன மாதம்தான் காரில் பெரிய டர்போ மாட்டியிருந்தாள். அது காற்றை அள்ளி அள்ளித் தள்ளுகிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோல் பீய்ச்சப் பழைய இன்ஜெக்டர்களுக்குத் தெம்பில்லை. அப்படியே விரட்டினால் பிஸ்டன் உருகிவிடும்.

கார் உதிரிபாகக் கடையின் கவுன்டரில் ஒரு மீசைக்காரர். சட்டை முழுக்க கிரீஸ். பார்த்த மாத்திரத்திலேயே நிபுணர்.

"சார், இந்த டர்போவுக்கு எந்த சைஸ் இன்ஜெக்டர் சரியா இருக்கும்?"

மீசைக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு தம்பி நின்ற பக்கம் பார்த்தார்.

தம்பி சிரித்து வைத்தான்.

"கேட்டது நான் சார்."

"ஆமாம்மா..." என்றார், அந்தப் பக்கமே பார்த்தபடி. "கொஞ்சம் பெருசா போட்டுடலாம்..."

"பெருசுன்னா எவ்வளவு? ரொம்பப் பெருசா போட்டா, சிக்னல்ல நிக்கறப்ப இன்ஜின் இருமாதா?"

மறுபடியும் தம்பி பக்கம்.

தம்பிக்குப் பின்னால் லேப்டாப்போடு நின்றிருந்த கண்ணாடிக்கார அம்மாள், "அதுக்கு முன்னாடி பம்ப்பைப் பாக்கணும்மா..." என்று ஆரம்பித்தார்.

"மேடம், பில் அப்புறம் போட்டுக்கலாம். இவர்கிட்ட பேசி முடிச்சிடறேன்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் லேப்டாப்பை மூடினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார், ஏதோ நாடகம் பார்க்க வந்தவர் போல.

"சரி சார், பழைய பெட்ரோல் பம்ப்பே தாங்குமா? இன்ஜெக்டர் மாத்தினா டியூனிங்கும் புதுசா பண்ணணுமா?"

மீசைக்காரரின் கண் திரும்பவும் ஓடியது. நெற்றியில் வியர்வை.

"அக்கா, விடேன். வேற கடைக்குப் போகலாம்."

"நீ சும்மா இரு. இன்னிக்கு நான் விட்டுட்டுப் போனா, நாளைக்கு இன்னொருத்திக்கும் இதே கதிதான்."

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வரேன்னா..." என்றார் மீசைக்காரர்.

"என்கிட்ட சொல்லுங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"அவரை விடும்மா, நான் சொல்றேன்" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா மேடம்? நாமளே குறுக்க வந்து காப்பாத்தறதாலதான் இவங்க திருந்தறதே இல்ல."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ.

அக்கா கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள். மேடை கிடைத்துவிட்டது.

"ஒரு பொண்ணு வந்து இன்ஜெக்டர் கேட்டா உங்களுக்குப் பதில் வராது. கண்ணு ஒரு ஆம்பளையைத் தேடி ஓடும். இவனுக்கு பானட் திறக்கக்கூடத் தெரியாது சார். இவனைப் போய்ப் பாக்கறீங்க. முன்னாடி தலை நிக்கறப்ப, வாலைப் பாத்துப் பேசறது என்ன பழக்கம்?"

வால் கோபித்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து பழக்கம்.

மீசைக்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவள் கேட்டபடியே, முதல் முறையாக அவளை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்:

"நான் தலையைத்தாம்மா பாத்தேன். உங்க தம்பிக்குப் பின்னாடி உக்காந்திருக்காங்களே, கடை அவங்களது, இன்ஜெக்டர், டியூனிங் எல்லாம் அவங்கதான். பில் போடற வால், நான்."